சோபாவுக்கு ஏத்த கலரு

செழியன் எழுந்ததும் மோட்டார் போட்டான். தொட்டி நிரம்பும்வரை பல் தேய்த்தான். குளித்தான். அப்பா கொளஞ்சியப்பன் பால் கறந்து சொசைட்டிக்கு எடுத்துக்கொண்டு போயிருந்தார். அம்மா பெரியம்மாள் தட்டில் இட்லி வைத்து மேலே வேர்க்கடலைச் சட்னி ஊற்றினாள். கடைசி இட்லியை அவன் மீதம் வைத்தான். அம்மா அதைப் பார்த்தாள். தட்டை எடுத்துக்கொண்டு போனாள். சட்டை மாட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்து சாக்ஸ் போட்டான். சோபாவின் பிளாஸ்டிக் கவர் சரசரத்தது. எழுந்தபோது பேண்ட்டோடு கொஞ்சம் ஒட்டி, பிறகு விட்டது.

சோபாவுக்குப் பின்னால் சுவர். கல்யாணத்துக்காக அவசரமாகக் கட்டி முடித்த வீடு. வெளியே பெயின்ட் அடித்தார்கள். உள்ளே பட்டி பார்த்து பிரைமரோடு விட்டுவிட்டார்கள். அந்த வெள்ளைச் சுவரில், சோபாவுக்கு நேர் மேலே, பக்கத்தில் பக்கத்தில் நான்கு பட்டைகள். சந்தனம், ரோஸ், பிஸ்தா பச்சை, சாம்பல். எது நன்றாயிருக்கும் என்று பார்க்கப் பெயின்டர் அடித்துக் காட்டியவை. அடித்து வருசம் திரும்பப் போகிறது. அடிக்கச் சொன்னவள் நிர்மலா, செழியனின் மனைவி. அடித்த வாரமே காய்ச்சலில் போய்விட்டாள்.

அந்தச் சுவரைப் பார்க்காமல் வாசலுக்குப் போகச் செழியன் பழகியிருந்தான்.

"செழியா, கொஞ்சம் நில்லு" என்றாள் அம்மா. "பெயின்டர் ஆதிமூலம் நேத்தும் போன் பண்ணாரு. நீ எடுக்க மாட்டேங்கிறியாமே?"

"கொல்லையில இருந்தேன்."

"வர்ற ஞாயித்துக்கெழம படையல். உங்க மாமியா வூட்டு சனம் வரும், ஊரு வரும். அவ போட்டோவ மாட்டணும். அந்தச் செவுத்துலயா மாட்டுவ? ஏதோ சொறி புடிச்சாப்ல இருக்குது."

"எதையாச்சும் அடிக்கச் சொல்லு."

"எதையாச்சுமா?" அம்மா கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள். "எலையில வெக்கறதே செத்தவங்களுக்குப் புடிச்சதுதான்டா. செவுரு மட்டும் எதையாச்சுமா? அவ ஆசப்பட்ட கலர அடிக்கணும்."

சாவு விழுந்த வீட்டில் வருசம் திரும்பும்வரை சுண்ணாம்புகூடத் தொடக்கூடாது. பொங்கல் வந்தது, போனது. ஊரே வெள்ளையடித்தது, இந்த வீடு அப்படியே நின்றது. இப்போது தடை நீங்குகிறது. வருசப் படையலுக்கு வீடு புதிதாக இருக்க வேண்டும். இலையில் அவளுக்குப் பிடித்தது இருக்க வேண்டும். என்ன பிடிக்கும் என்பதை உயிரோடு இருப்பவர்கள் சொல்ல வேண்டும். சிக்கல் அங்கேதான்.

"சந்தன கலருதான் கேட்டா" என்றாள் அம்மா. "எங்கிட்ட வாய் தொறந்து சொன்னா. 'அத்தே, சந்தனம் அடிச்சா வெளக்கு ஏத்துறப்ப ஜெகஜோதியா இருக்கும்'னா."

அம்மாவின் புடவைகளில் பாதி சந்தன நிறம். சாமி அறை சந்தன நிறம். செழியன் பைக் சாவியைத் தேடினான்.

மோர் வாங்க வந்து நின்ற பக்கத்து வீட்டுக் காசியம்மாள் சும்மா இருக்கவில்லை. "இன்னாக்கா நீ. ரோஸுதான் அவளுக்கு உசுரு. இந்தக் கண்ணால பாத்தேன். பட்டை போட்டுட்டு அந்த ஆளு டீ குடிக்கப் போனானா, இவ வந்து ரோஸு மேல வெரல வெச்சித் தடவித் தடவிப் பாக்கறா."

"காஞ்சிருச்சான்னு பாத்திருப்பா" என்றார் அப்பா. காலி பால் கேனோடு அப்போதுதான் உள்ளே வந்திருந்தார். "சுண்ணாம்பு அடிச்சா இந்தப் பேஜாரே இல்ல. சுண்ணாம்புக்கு எவனாச்சும் மேட்ச் பாத்திருக்கறானா?"

"நீ கம்முனு இரு. உன்ன யாரு கேட்டா?" என்றாள் அம்மா.

நிர்மலா இந்த வீட்டில் அதிகம் பேசியவள் இல்லை. செத்த பிறகுதான் பேச ஆரம்பித்தாள். வாரத்துக்கு ஒருவராவது வந்து, நிர்மலா இப்படிச் சொன்னாள், அப்படிச் சொன்னாள் என்றார்கள். அவள் சொன்னதாக அவர்கள் சொன்னதெல்லாம் அவர்களுக்கு வேண்டியதாகவே இருந்தது. கருமாதி அன்று காசியம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு, 'எம்புருசன பாத்துக்குங்கன்னு சொல்லிட்டுத்தான கண்ண மூடுன' என்று ஒப்பாரி வைத்தாள். காசியம்மாள் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை. வார்டில் செழியன் மட்டும்தான் இருந்தான்.

கடைசியாக அவள் சொன்னது ஒன்று உண்டு. அது கலரின் பெயர் இல்லை. ஆசீர்வாதமும் இல்லை. யாரும் அதை அவனிடம் கேட்கவில்லை. கேட்டவர்களும் பதிலைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்கள்.

பைக்கைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தால், கேட்டை மறித்து ஆதிமூலத்தின் எக்ஸெல் வண்டி நின்றது. பின்னால் ஏணி கட்டியிருந்தது.

"புடிச்சிட்டேன் பாத்தியா சார்" என்றார் ஆதிமூலம். லுங்கியில் கள்ளக்குறிச்சியில் பாதி வீடுகளின் நிறம் இருந்தது. "போன எடுக்கலன்னா வூட்டுக்கே வந்துருவான் இந்த ஆதிமூலம். பட்டை போட்டு ஒரு வருசம் வெச்சிருந்த வூடு தாலுக்காவுலயே இது ஒண்ணுதான் சார். பட்டைக்கே நரை வுழுந்து போச்சி."

"இன்னா கலரு நல்லா இருக்கும், நீங்களே சொல்லுங்க."

"நான் சொன்னா இந்தச் செவுத்துக்கு மட்டும் டார்க்கா தேக்குக் கலரு அடிச்சி, மேல தங்கத்துல பூ வுட்டுருவேன். எம்பேச்ச யாரு கேக்கறா? தங்கச்சி ஒரே முடிவா சொல்லிருச்சி. 'சோபாவுக்கு ஏத்த கலருதான் வேணும்ணே'ன்னிச்சி. அதுக்குத்தான் சோபாவுக்கு மேல வெச்சி பட்டை போட்டது."

"அதுல எது புடிச்சிதுன்னு சொல்லுச்சா?"

"எங்க சார்? தள்ளி நின்னு பாத்திச்சி, கிட்ட வந்து பாத்திச்சி. சோபாவப் பாத்திச்சி, செவுத்தப் பாத்திச்சி. 'அப்புறம் சொல்றண்ணே, தல வலிக்குது'ன்னுட்டு போயி படுத்துக்கினுச்சி. அன்னிக்கே காச்ச இருந்திருக்கும்போல." ஆதிமூலம் சற்று நேரம் ஏணிக் கயிற்றைப் பார்த்தார். பிறகு குரலை ஏற்றினார். "சோபா பச்சைதான சார் அது? பச்சையில மஞ்ச கலந்தாப்ல. நீ கடைக்குப் போயி டப்பாவ வாங்கியாந்துரு. நாளான்னிக்கி வந்து ரெண்டு கோட்டு இழுத்துடறேன். இத வுட்டா எனக்கு சங்கராபுரத்துல மண்டப வேல. அப்புறம் நீயே அடிச்சிக்க வேண்டியதுதான்."

எல்லோருக்கும் அது பச்சைச் சோபா.

கல்யாணத்துக்கு முந்தின நாள் கட்டில், பீரோவோடு குட்டியானை வண்டியில் வந்து இறங்கியது. களமருதூரில் இருந்து மாமியார் வீட்டுச் சீர். கள்ளக்குறிச்சிக் கடையில் நிர்மலாவும் அவள் அம்மா அம்சவள்ளியும் போய் எடுத்தது. கடைக்காரன் சுற்றிய மஞ்சளடித்த பழைய பிளாஸ்டிக்கோடு வந்தது, அந்தப் பிளாஸ்டிக்கோடேயே ஹாலில் உட்கார்ந்தது. கல்யாணத்துக்கு வந்த பெண்கள் கவர் மேலேயே தடவிப் பார்த்து விலை கேட்டார்கள்.

வந்த புதிதில் நிர்மலா கேட்டாள். "அத்தே, கவரப் பிரிச்சிடலாமா?"

"பொங்கல் போவட்டும்மா. வெள்ளையடிக்கறப்ப தூசி ஆவும்."

பொங்கல் போனது.

"இப்ப பிரிக்கலாமா அத்தே?"

"கொழந்த கிழந்த பொறந்தா ஈரம் பண்ணும். இருக்கட்டும், கவரு இன்னா சோறா கேக்குது?"

அதன் பிறகு நிர்மலா கேட்கவில்லை. வெயில் பட்டும், வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி பட்டும், அடுப்படிப் புகை பட்டும் கவர் இன்னும் மஞ்சளாகப் பழுத்தது. ஓரம் கிழிந்த இடத்தில் அம்மா டேப் ஒட்டினாள். இரவில் டிவி பார்க்கும்போது நிர்மலா கவரை நகத்தால் சுரண்டுவாள். "கடைல பாத்தப்ப எப்டி இருந்திச்சி தெரியுமாங்க இது?" என்பாள். செழியன் போனைப் பார்த்துக்கொண்டு "ம்" என்பான்.

அவள் போன பிறகு அம்மா இன்னும் உறுதியாகிவிட்டாள். "அவங்க வூட்டுச் சாமான். கொழந்த இருந்தா வேற பேச்சி. நாளைக்கி வந்து கேட்டா, வந்தாப்லயே குடுக்கணும். தேச்சிட்டாங்க, கிழிச்சிட்டாங்கன்னு ஒரு சொல்லு நம்ம மேல வரக் கூடாது."

கவரைப் பிரிக்காமல் இருக்கச் செழியனிடமும் ஒரு காரணம் இருந்தது. அது வார்டில் கிடைத்தது. அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்த இரண்டாம் நாள் ஆதிமூலம் போன் செய்தார், கலர் என்ன என்று. அவள் கொஞ்சம் தெளிந்திருந்தாள். பேச்சுக் கொடுக்கலாம் என்று, வீட்டில் எடுத்திருந்த படத்தைப் போனில் காட்டி, எந்தக் கலரு சொல்லு என்றான். அவள் போனைக் கையில் வாங்கிப் பார்த்தாள். உதட்டைச் சுழித்தாள். சொன்னாள். டீ வாங்கிக்கொண்டு அவன் திரும்பியபோது வேறு அறைக்கு மாற்றியிருந்தார்கள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

*

செழியன் சர்க்கரை ஆலையில் கரும்புப் பிரிவில் வேலை செய்தான். யார் கரும்பை எப்போது வெட்டலாம் என்று கரும்புக் கொல்லைக்கே போய்ப் பார்த்துச் சொல்வது அவன் வேலை. அரவைக் காலம். மூங்கில்துறைப்பட்டுச் சாலையில் கரும்பு ஏற்றிய டிராக்டர்களும் மாட்டு வண்டிகளும் ஆலை வாசலில் இருந்து ஊர்க்கோடி வரை நின்றன. மேற்கே கல்வராயன் மலை பனி மூட்டத்தில் பாதிதான் தெரிந்தது.

"சார், பூத்துப் போச்சி சார்" என்று ஒரு கரும்பை முறித்து நீட்டினார் அய்யனார். பெண்ணையாற்றோரம் கொல்லை வைத்திருப்பவர். "இதுக்கு மேல நின்னா தக்கையா ஆயிடும். எட எறங்கிரும். கட்டிங் ஆர்டர் போட்டுக் குடு சார். வெட்ற ஆளுங்க கெளம்பறேன்னு நிக்கறானுவோ."

செழியன் கரும்பை வாங்கிக் கணுவைப் பார்த்தான். "நாளைக்கி வெட்டிக்குங்க."

"தெய்வம் சார் நீ."

கரும்பு விஷயத்தில் அவனுக்கு ஒரு நிமிடம்கூடத் தயக்கம் வராது. போன் அடித்தது. அம்சவள்ளி.

"மாப்ள, சாப்டீங்களா? உங்க அம்மா சொன்னாங்க, செவுத்துக்குக் கலரு பாத்துக்கினு இருக்கீங்கன்னு. அவளுக்கு மஞ்சதாங்க புடிக்கும். சின்னதுல இருந்தே. ஆறாவது படிக்கறப்ப மஞ்சப் பாவாடதான் வேணும்னு ரோட்டுல பொரண்டா."

"மஞ்ச பட்டையில இல்லிங்க அத்தே."

"இல்லன்னா வாங்கக் கூடாதா? கடையில இல்லாத மஞ்சளா?"

"பாக்கறேங்க."

அடுத்து அம்மா. "கடைக்குப் போனியா? சந்தனத்துல வெளுப்பா ஒண்ணு, கொஞ்சம் ஏத்தமா ஒண்ணு இருக்குமாம். ஏத்தமா இருக்கறத..."

"போறேம்மா. வெய்யி."

அய்யனார் வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "வூட்டுக்குப் பெயின்ட்டா சார்?" என்றார் முகம் மலர. "நல்ல காரியமா? சொல்லவே இல்ல. பொண்ணு எந்த ஊரு?"

"படையல்" என்றான் செழியன்.

அய்யனார் எழுந்தார். வேட்டியில் ஒட்டியிருந்த காய்ந்த கரும்புச் சோகையைத் தட்டினார். தட்ட வேண்டியது தீர்ந்த பிறகும் தட்டிக்கொண்டிருந்தார்.

மதியத்துக்கு மேல் கள்ளக்குறிச்சிக்குப் போனான். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு பெயின்ட் கடை. கண்ணாடிக் கதவுக்குள் ஏசி ஓடியது. கடைக்காரப் பையன் விசிறி மாதிரி விரியும் கலர் அட்டையை எடுத்து மேசையில் பரப்பினான். பச்சையில் மட்டுமே ஒரு பக்கம் முழுக்க.

"எந்த ரூமு சார்?"

"ஹாலு."

"சோபா இருக்குதா?"

"இருக்குது."

"இன்னா கலரு?"

"பச்சை."

"எந்தப் பச்சை சார்? பாசிப் பச்சையா, கிளிப் பச்சையா, பாட்டில் பச்சையா?"

செழியன் போனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினான். வார்டில் நிர்மலாவிடம் காட்டிய அதே படம். பையன் இரண்டு விரலால் பெரிதாக்கினான், சிறிதாக்கினான்.

"போட்டோவுல மஞ்சளா அடிக்குது சார். ராத்திரி லைட்டுல எடுத்தீங்களா?"

"இல்ல. பகல்ல எடுத்தது."

"அப்ப இன்னாத்துக்கு மஞ்சளா தெரியுது?"

"கவரு."

"கவரா? பிரிச்சிட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க சார் வூட்ல. இப்டி இருந்தா நான் எப்டி கரெக்டா சொல்றது?"

"கவரு பிரிக்க மாட்டோம்."

பையன் ஒரு நொடி அவனைப் பார்த்தான். வியாபாரத்துக்குத் திரும்பினான். "செரி சார். ஒண்ணு பண்ணுங்க. அட்டையக் குடுக்கறேன். மேடத்துக்கிட்ட காட்டுங்க. இல்லன்னா மேடத்தயே ஒரு தரம் இட்டுக்கினு வந்துருங்க. லேடீஸ் பாத்தா டக்குனு சொல்லிடுவாங்க. ஜென்ஸு வந்தா அட்டைய வெச்சிக்கினு சாயங்காலம் வரைக்கும் நிக்கறீங்க."

செழியன் அட்டையில் கைக்குக் கிடைத்த இடத்தில் விரலை வைத்தான். "இது."

"பிஸ்தாவா? சூப்பர் சார். பச்சைக்கும் பிஸ்தாவுக்கும் சொந்தம். கண்ண மூடிக்கினு அடிக்கலாம்."

மிஷினில் டப்பா குலுங்கும்போது அவன் வெளியே வந்து நின்றான். சந்தனம் இல்லை, ரோஸ் இல்லை, மஞ்சளும் இல்லை. யார் சொன்னதும் இல்லாத ஒன்றை எடுத்ததில் சற்று நிம்மதி இருந்தது. அவள் சொன்னதும் இல்லையே என்பது டப்பாவைப் பைக்கில் வைத்துக் கட்டும்போதுதான் உறைத்தது. கயிறு இரண்டு தடவை அவிழ்ந்தது. மூன்றாவது தடவை, பார்க்கிறவர்கள் திரும்பும்படி டேங்கில் ஓங்கிக் குத்தினான்.

*

ஆதிமூலம் சொன்னபடி வந்தார். சோபாவை நடுக் கூடத்துக்கு இழுத்துப் போட்டு மேலே பழைய சாக்கை விரித்தார். "கவரு மேல சாக்கா?" என்று அம்மா கேட்டாள். "பெயின்ட்டு சொட்டுனா கவரு போயிடும்ல" என்றார் அவர். அம்மாவுக்கு அது நியாயமாகப் பட்டது.

முதல் கோட்டில் நான்கு பட்டைகளும் மறைந்தன. செழியன் வாசலில் நின்று பார்த்தான். சாம்பல் பட்டை மட்டும் கொஞ்ச நேரம் உள்ளிருந்து தெரிந்தது. பிறகு அதுவும் போனது.

மத்தியானம் காற்று திரும்பியது. ஜன்னல் வழியாகக் கறுப்புக் கறுப்பாகக் கரித்தூள் பறந்து வந்து ஈரச் சுவரில் ஒட்டியது.

"எவன்டா அவன், வேல நேரத்துல சோகையக் கொளுத்தறவன்!" ஆதிமூலம் ஏணி மேலிருந்து கத்தினார். "சார், செவுத்துக்கு மீச மொளைக்குது பாரு!"

கரும்பு வெட்டிய கொல்லையில் சோகையை எரிக்கிறார்கள். ஆற்றுப் பக்கம்தான் புகை. அய்யனார் கொல்லையாகத்தான் இருக்க வேண்டும். வெட்டச் சொன்னது செழியன்தான். எழுந்து ஜன்னலைச் சாத்தினான். பெயின்ட் நெடியில் எல்லோரும் இருமினார்கள். ஜன்னலைத் திறந்தான். கரி வந்தது. மறுபடி சாத்தினான்.

"தொறந்து வெய்யிடா, மூச்சு முட்டுது" என்றாள் அம்மா.

"சாத்து சார், செவுரு பாழாவுது" என்றார் ஆதிமூலம்.

"ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுச் செழியன் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டான்.

இரண்டாம் கோட்டு காய்ந்து, சோபாவைத் திரும்பவும் சுவரோரம் தள்ளினார்கள். அம்மா தள்ளி நின்று பார்த்தாள். சந்தனம் இல்லை என்ற குறை அவள் முகத்தில் இருந்தது. ஆனாலும் வாய்விட்டுச் சொன்னாள். "செரியாதான்டா இருக்குது. சோபாவும் செவுரும் ஒட்டிப் பொறந்தாப்ல."

"இன்னா மேட்ச்சு சார்!" என்றார் ஆதிமூலம். "சோபாவக் கரைச்சி செவுத்துல ஊத்துனாப்ல இருக்குது."

செழியனும் பார்த்தான். சரியாகத்தான் இருந்தது. அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

*

அம்சவள்ளி படையலுக்கு முந்தின நாளே வந்துவிட்டாள். களமருதூரில் இருந்து இரண்டு பஸ் மாறி, கட்டைப் பையில் முறுக்கும், படையலில் வைக்க ஒரு மஞ்சள் புடவையும் கொண்டுவந்தாள். கைகால் கழுவிவிட்டு உள்ளே வந்தவள் ஹால் நடுவில் நின்றாள்.

"இன்னா அண்ணி, வூடு பாசி புடிச்ச கொளமாட்டம் இருக்குது?"

"சோபாவுக்கு ஏத்தாப்ல அடிச்சிருக்குது அண்ணி" என்றாள் பெரியம்மாள். "அவ ஆச அது. பெயின்டருகிட்ட சொல்லியிருக்கறா."

"எந்தச் சோபாவுக்கு?"

"இந்தச் சோபாவுக்குத்தான். வேற எது இருக்குது நம்ம வூட்ல?"

"இதுக்கா பச்ச?" அம்சவள்ளி குனிந்து கவரை உள்ளங்கையால் துடைத்தாள். "இது நீலம் அண்ணி. மயிலு கழுத்தாட்டம் நீலம். கடையில செவப்பு காட்டுறான், மரக் கலரு காட்டுறான், ஒண்ணும் வேணான்னுட்டா. மாடியில மூலையில கெடந்திச்சி இது. இதுதான் வேணும்னு அது மேலயே உக்காந்துக்கினா. எழுப்பி இட்டுக்கினு வர்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சி."

செழியன் சுவரோரம் நின்றிருந்தான். சுவர் இன்னும் லேசாகக் கையில் ஒட்டியது.

"நீலமா?" என்றான்.

"நீங்க பாத்ததில்லிங்களா மாப்ள?" என்றாள் அம்சவள்ளி. அப்போதுதான் டேப் ஒட்டிய ஓரத்தைப் பார்த்தாள். "இன்னும் கவரே பிரிக்கலயா இதுக்கு? எத்தினி வருசம் ஆவுது!"

பெரியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "நீங்க குடுத்தது குடுத்தாப்ல இருக்குது அண்ணி. ஒரு கீறல் கெடையாது. நாளைக்கி ஒரு பேச்சி வந்தா..."

"இன்னா பேச்சி?"

"கொழந்த இல்லாம போயிட்டா. சீரத் திருப்பிக் கேக்கறது ஒலகத்துல இருக்கறதுதான? நான் தப்பா சொல்லல. வந்து எடுத்துக்கினு போறதுன்னா நல்லபடியா இருக்கட்டும்னு..."

"பொண்ணயே வாரிக் குடுத்துட்டேன்." அம்சவள்ளியின் குரல் உயரவில்லை. "சோபாவத் தூக்கிக்கினு போயி நான் இன்னா பண்ணப் போறேன்? அது மேல சாஞ்சிக்கினு டிவி பாக்கப் போறனா?"

"நானும் உக்காந்ததில்ல அண்ணி" என்றாள் பெரியம்மாள் படபடப்பாக. "சாமி சத்தியமா சொல்றேன். ஒரு நாளு அதுல உக்காந்ததில்ல. தரையிலதான் உக்காருவேன். வேணும்னா அவனக் கேளுங்க."

"உங்கள யாரு இப்ப கொற சொன்னாங்க? எம்பொண்ணு உக்காந்தாளா? ஒரு நாளாச்சும், கவரு இல்லாம, அந்தத் துணி மேல உக்காந்தாளா? அத மட்டும் சொல்லுங்க."

பெரியம்மாள் செழியனைப் பார்த்தாள். செழியன் அடுப்படிக்குப் போனான். காய் நறுக்கும் கத்தியோடு வந்தான்.

"டேய், வேணாம்டா."

"மாப்ள, பாத்துங்க. பின்னால முடிச்சி போட்டிருப்பான், அத அவுத்தாலே..."

முடிச்சைத் தேடும் பொறுமை அவனிடம் இல்லை. உட்காரும் இடத்தில் நடுவில் கத்தியைக் குத்தி ஓரம்வரை இழுத்தான். பழுத்துக் காய்ந்திருந்த பிளாஸ்டிக் பட்பட்டென்று வெடித்தது. இரண்டு கையாலும் பிடித்து உரித்தான். துண்டு துண்டாக வந்தது. டேப் வராத இடத்தில் காலை வைத்து மிதித்துப் பிய்த்தான். உள்ளிருந்து புதுத் துணி வாசனை அடித்தது, கடையில் இருந்து நேற்று வந்ததுபோல.

நீலம். அந்தப் பிஸ்தாச் சுவருக்கு முன்னால், வேறு யாரோ வீட்டுச் சாமானை மழைக்குக் கொண்டுவந்து வைத்ததுபோல நின்றது. அந்தச் சாம்பல் பட்டை அடித்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க இப்போது சுவரில் அதுவும் இல்லை.

தலையில் வாழை இலைக் கட்டோடு உள்ளே வந்த கொளஞ்சியப்பன் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "புது சோபாவா? யாரு வாங்கியாந்தது?" என்றார்.

அம்சவள்ளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. குலுங்கல் நிற்காமல் போனபோது பெரியம்மாள் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்து உக்காருங்க அண்ணி" என்றாள். "உங்க வூட்டுப் பொருளு. உக்காருங்க."

உட்கார வைக்கக் கையால் தூசி தட்டப் போனவள் நின்றாள். துணியில், கத்தி போன வழியில், ஒரு கை நீளத்துக்குக் கிழிசல். உள்ளே வெள்ளைப் பஞ்சு தெரிந்தது. பெரியம்மாள் கிழிசலின் இரண்டு உதடுகளையும் விரலால் சேர்த்துப் பார்த்தாள். விட்டதும் விரிந்தது.

"கிழிச்சிட்டியேடா" என்றாள். திட்டு இல்லை அது.

செழியன் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கிழிசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். சரசரப்பு இல்லை. துணி மெத்தென்று வாங்கிக்கொண்டது. உள்ளங்கையைக் கிழிசல் மேல் வைத்து மூடினான். முன்பு ஒருமுறை, நிர்மலாவுக்கு வந்த கூரியர் பார்சலைக் கத்தியால் கீறி, உள்ளே இருந்த சுடிதார் துணியையும் சேர்த்துக் கிழித்திருந்தான். அவள் அதில் தலையணை உறை தைத்தாள். உறங்கும்போது அந்தத் தையல் இன்னும் கன்னத்தில் படுகிறது.

"செழியா" என்றாள் அம்மா. அம்சவள்ளியின் கையை அவள் விடவில்லை. "நீதான கூட இருந்த. அவ எதாச்சும் சொன்னாளாடா? கலர உடு. எதாச்சும். கடைசியா இன்னாதான் சொன்னா?"

இந்தத் தடவை அம்மாவிடம் பதில் எதுவும் இல்லை. கேள்வி மட்டும்தான் இருந்தது. அம்சவள்ளியும் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

அவன் சொன்னான். அவள் எப்படிச் சொன்னாளோ அப்படியே, ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல்.

"கவரு போட்ட சோபாவுக்கு நான் இன்னா கலருன்னு சொல்றது? நீங்க அதுல கைய வெக்காதீங்க, கத்தியப் போட்டு துணியக் கிழிச்சி வெப்பீங்க. நான் வந்து பிரிச்சிக்கிறேன்."